வானில் மிதக்கும் வைரத் தூளும் எங்கள் தோட்டத்து உறைபனியும்



நீலகிரியில் பிறந்து வளர்ந்த நமக்குப் பனியைப் பற்றிப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்றே நான் நினைத்திருந்தேன். மார்கழி பிறந்ததும் கம்பளிச் சட்டையைத் தேடி எடுக்கிறோம். காலையில் பள்ளிக்கு வரும்போது வாயிலிருந்து புகை போல ஆவி வருவதைக் கண்டு சிரிக்கிறோம். விளையாட்டு மைதானத்தின் புல் வெண்மையாக இருந்தால் அதில் காலணி நுனியால் பெயர் எழுதுகிறோம். பனியை நான் அறிந்திருந்தது அவ்வளவே. சென்ற ஆண்டு தை மாதத்தில் ஓர் இரவு, பனி எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய இழப்பைக் கொண்டு வந்தது. அதன் பிறகுதான் அதைப் பாடமாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. படித்ததையும் கண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரே இரவில் நேர்ந்தது

கோத்தகிரியிலிருந்து ஊட்டி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் கட்டபெட்டு. எங்களுக்குச் சிறியதொரு தேயிலைத் தோட்டம் உண்டு. வீட்டை ஒட்டிய மேட்டில் பாதி, ஓடைக் கரையில் பள்ளத்தில் பாதி. பள்ளத்து மண் நல்ல மண்; கொழுந்து அங்கேதான் செழிப்பாக வரும்.

அன்று மாலை வானம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. காற்றே இல்லை. "இன்னிக்குப் பனி கொட்டும் கண்ணு, பாரு" என்று பாட்டி சொன்னார்கள். விடிந்ததும் என் தம்பி கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, தோட்டமெல்லாம் வைரம்!" என்று கத்தினான். உண்மையில் அப்படித்தான் இருந்தது. பள்ளத்தில் ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் வெள்ளை ஊசிகள் மின்னின. ஆனால் அப்பா அந்த அழகைப் பார்க்கவில்லை. ஓர் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

பத்து மணி வெயில் ஏறியதும் இலைகள் வாடித் தொங்கின. மூன்றாம் நாள் பள்ளம் முழுவதும் செம்பு நிறமாகக் கருகிவிட்டது. மேட்டில் இருந்த செடிகளோ பச்சையாகவே நின்றன. ஆறு வாரங்களுக்குப் பள்ளத்திலிருந்து ஒரு கிலோ பசுந்தேயிலை கூட எடைக்குப் போகவில்லை. அம்மாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

ஒரே தோட்டம், ஒரே இரவு, ஒரே வானம். அப்படியிருக்க, மேடு பிழைத்தது ஏன்? பள்ளம் கருகியது ஏன்? இந்தக் கேள்வியோடுதான் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர்கள் உடனே விடை சொல்லவில்லை. "பனி வானத்திலிருந்து விழுகிறது என்று யார் உனக்குச் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

பனி எத்தனை வகை?

தமிழில் "பனி" என்ற ஒரு சொல்லையே பலவற்றுக்கும் வழங்குகிறோம். ஆண்டின் ஆறு பருவங்களில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அறிவியலில் இவற்றைப் பிரித்து அறிய வேண்டும்.

குளிர்ந்த இலைமீது காற்றிலுள்ள நீராவி நீராகப் படிந்தால் அது பனித்துளி. நம் ஊரில் இதை நீர்ப்பனி என்பார்கள். ஐப்பசி கடைசியிலேயே இது தொடங்கிவிடும். நீராவி காற்றிலேயே மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி, தரையை ஒட்டி மிதந்தால் அது மூடுபனி. உயரத்து மேகத்தில் படிகமாகிப் பூப்பூவாகக் கீழே விழுந்தால் அது வெண்பனி. இமயமலையில் பெய்வது இதுவே. இலையும் புல்லும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது, நீராவி நீராக மாறாமலே நேராகப் பனிக்கட்டியாகி அவற்றின்மேல் வளர்ந்தால் அது உறைபனி. எங்கள் பள்ளத்தில் தம்பி கண்ட வைரம் இதுதான்.

ஆகவே உறைபனி வானத்திலிருந்து விழுவதன்று. அது இலையின் மேலேயே பிறக்கிறது. "பனி கொட்டுகிறது" என்பது பேச்சு வழக்கு மட்டுமே. சிஸ்டர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

தரை ஏன் குளிர்கிறது?

எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. பகலில் சூரியனிடமிருந்து தரை பெறுவது அதிகம், விடுவது குறைவு. இரவில் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் நடக்கிறது. வானத்தில் மேகம் இருந்தால் அது ஒரு கம்பளியைப் போலத் தரை விட்ட வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமற்ற, ஈரம் குறைந்த இரவில் அந்தக் கம்பளி இல்லை. காற்று வீசினால் மேலே உள்ள சற்று வெப்பமான காற்று கீழே கலந்து தரையைக் காக்கும். காற்றும் இல்லையென்றால் அந்தக் காவலும் இல்லை. தெளிந்த வானம், அசையாத காற்று, வறண்ட குளிர் ஆகிய மூன்றும் கூடிய இரவில் உறைபனி உறுதி. பாட்டி வானத்தைப் பார்த்தே சொன்னது இதைத்தான். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆயினும் அவர்களுடைய கணக்கு சரியாக இருந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையில் வைப்பதில்லை. ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதனால் செய்தியில் "குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி" என்று கேட்ட அதே காலையில் புல் வெளுத்திருப்பதைக் காண்கிறோம். செய்தியும் பொய்யன்று, புல்லும் பொய்யன்று. நான்கு அடிக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

குளிர்காற்று பள்ளத்தை நாடும்

மலை ஏற ஏறக் குளிரும் என்று புவியியலில் படித்திருக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்து, கோத்தகிரியில் போர்த்திக்கொள்வது இதனால்தான். ஆனால் தெளிந்த குளிர்கால இரவில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. தரை முதலில் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்று அடுத்துக் குளிர்கிறது. மேலுள்ள காற்று வெப்பமாகவே இருக்கிறது. இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர்.

குளிர்ந்த காற்று கனமானது. அது மெல்ல மெல்லத் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்குகிறது. எங்கள் தோட்டத்தின் கீழ் எல்லையில் உண்ணிச்செடி அடர்ந்த வேலியாக வளர்ந்திருந்தது. கவாத்து செய்த மிலாறுகளையும் அங்கேயே குவித்து வைத்திருந்தோம். குளத்துக்குக் கரை கட்டியது போலக் குளிர்காற்றுக்கு நாங்களே கரை கட்டியிருந்தோம் என்பது பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

இன்னொன்றும் பார்த்தேன். பள்ளத்திலேயே சில்வர் ஓக் மரங்களின் கிளைகளுக்கு நேர்கீழே இருந்த செடிகள் கருகவில்லை. மேகம் செய்யும் வேலையை அங்கே மரக்கிளை செய்திருந்தது.

துருவத்தின் வைரத் தூள்

"இலையில் பிறக்கும் பனிப்படிகம் காற்றிலேயே பிறக்காதா?" என்பது என் அடுத்த கேள்வி. பிறக்கும் என்று நூலகத்துப் புத்தகத்தில் கண்டேன். ஆனால் அதற்கு வேண்டிய குளிர் நம்மிடம் இல்லை. தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகா, வடக்கே கிரீன்லாந்து, சைபீரியா, கனடாவின் வடகோடி ஆகிய இடங்களில்தான் அந்தக் காட்சி அடிக்கடி நிகழ்கிறது.

தோழியரே, கற்பனை செய்து பாருங்கள். வானம் நீலமாக இருக்கிறது. மேகம் ஒன்றும் இல்லை. ஆயினும் காற்றெங்கும் கோடிக்கணக்கான துகள்கள் மின்னிக்கொண்டு மிக மெதுவாக இறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பனிக்கட்டிப் படிகம். அதன் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதிலும் குறைவு. சூரிய ஒளியில் திரும்பும்போது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மேகமில்லா வானிலிருந்து இறங்கும் இந்தப் படிகங்களுக்கு அறிவியலார் இட்ட பெயரே வைரத் தூள்.

இது எப்படி உண்டாகிறது? எங்கள் பள்ளத்தில் ஓர் இரவு நடந்ததே அங்கு மாதக்கணக்கில் நடக்கிறது. துருவத்தில் குளிர்காலம் முழுவதும் சூரியன் உதிப்பதில்லை. வெண்பனித் தரை வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. தரையை ஒட்டிய காற்று கடுங்குளிராகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் உள்ள காற்று, தரைக் காற்றைவிட 20 டிகிரிக்கும் மேல் வெப்பமாக இருப்பதுண்டு. அதே தலைகீழ் மாற்றம்தான். அளவு மட்டும் பெரிது.

வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். சுழி டிகிரியில் ஏறத்தாழ 5 கிராம். சுழிக்குக் கீழே 40 டிகிரியில் ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே மேலுள்ள காற்று கீழ்க்காற்றோடு கலந்து குளிரும்போது, தாங்க முடியாமல் மிஞ்சிய நீராவி படிகங்களாகிவிடுகிறது. நீராவி ஒட்டிக்கொள்ள நமக்கு இலை இருந்தது. அங்கே காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசியே போதும்.

நீர் சுழி டிகிரியில் உறையும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் மேகத்திலுள்ள மிகச் சிறிய தூய நீர்த்துளி, ஒட்டுவதற்குத் தூசி கிடைக்காவிட்டால், சுழிக்குக் கீழே 38 டிகிரி வரையிலும் உறையாமல் நீராகவே இருக்கக்கூடும். அதற்கும் கீழே குளிர்ந்தால் தூசியின் துணையே தேவையில்லை. துளி தானாகவே உறைந்துவிடும். அண்டார்க்டிகாவின் நடுப்பகுதிக்கு இந்தக் குளிர் புதிதன்று. அங்குள்ள வோஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று சுழிக்குக் கீழே 89.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

ஆறு பக்கங்களின் அழகு

பனிப்படிகம் எதுவாயினும் ஆறு என்ற எண்ணை அது விடுவதில்லை. வைரத் தூளின் படிகங்கள் ஆறு பக்கத் தட்டுகளாகவோ, சீவாத பென்சில் போன்ற ஆறு பக்கத் தூண்களாகவோ இருக்கும். கோள்களின் பாதையைக் கண்டறிந்த கெப்ளர், 1611இல் தம் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு நூல் எழுதினார். பனிப்படிகத்துக்கு ஐந்தும் ஏழும் இல்லாமல் ஆறு மூலைகள் ஏன் என்பதே அதன் பொருள். தேன்கூட்டையும் மாதுளை முத்துக்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்ந்தும் அவரால் முடிவான விடை காண இயலவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண வடிவில் ஒன்றோடொன்று கைகோத்து அடுக்கப்படுகின்றன என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. ஜப்பானிய அறிஞர் நகாயா 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு முயலின் மயிர் நுனியில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார்.

இந்த ஆறு பக்கங்களால் வானில் ஒரு விந்தை நிகழ்கிறது. படிகத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்த ஒளி, அடுத்ததற்கு அடுத்த பக்கத்தின் வழியாக வெளியேறும்போது ஏறத்தாழ 22 டிகிரி வளைகிறது. அதனால் சூரியனைச் சுற்றி 22 டிகிரி தொலைவில் ஒரு வட்டம் தோன்றுகிறது. தட்டுப் படிகங்கள் கிடையாக மிதந்து இறங்கினால் சூரியனின் இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் தெரியும். அதே தட்டுகள் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பினால், சூரியனுக்கு மேலே தீபத்தூண் போல ஓர் ஒளிக்கம்பம் எழும்.

கட்டபெட்டில் வைரத் தூள் உண்டா?

தரையருகே இல்லை. உறைபனி இரவிலும் நம் ஊரில் புல் மட்டுமே சுழிக்குக் கீழே போகிறது. சில அடி உயரத்திலேயே காற்று சுழிக்கு மேல்தான் இருக்கிறது. ஆனால் அதே படிகங்கள் நம் தலைக்கு மேலும் மிதக்கின்றன என்பதை அறிந்து நான் வியந்தேன். பத்துக் கிலோமீட்டர் அளவு உயரத்தில் வெள்ளை இறகு போலவும் மெல்லிய துணி போலவும் படரும் மேகங்கள் முழுவதும் பனிக்கட்டிப் படிகங்களே. கோடைக் காலத்திலும் அவை அங்கே உறைந்தே இருக்கின்றன.

நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரியும்போது "நிலா கோட்டை கட்டியிருக்கிறது" என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது இந்தப் படிகங்களின் வேலைதான். அடுத்த முறை காணும்போது கையை முழுதும் நீட்டி, ஒரு சாண் விரித்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனி நிலவின்மேல் இருந்தால், சுண்டுவிரல் நுனி வட்டத்தின்மேல் இருக்கும். துருவத்தில் உள்ள அதே 22 டிகிரி! கோட்டை கட்டினால் மழை வரும் என்பதிலும் சிறிது உண்மை உண்டு. மழை மேகங்கள் வருமுன் இத்தகைய மெல்லிய உயர் மேகங்கள் முன்னே வருவதுண்டு. துருவத்தில் மூக்கின் முன்னால் மின்னும் படிகம், நமக்கு எட்டாத உயரத்தில் மின்னுகிறது, வேறுபாடு அவ்வளவே.

சிறு துளி பெருவெள்ளம்

இவ்வளவு சிறிய தூளால் என்ன பயன் என்று நினைக்கலாம். அண்டார்க்டிகாவின் உயர்ந்த நடுப்பகுதியில் பிளாட்டோ நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 316 நாட்கள் வைரத் தூள் இறங்கிற்று. 1967இல் அங்கு விழுந்த பனியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் வைரத் தூளே என்று அறிவியலார் கணித்துள்ளனர். அந்த ஆண்டு முழுவதும் விழுந்ததை உருக்கினால் 25 மில்லிமீட்டர் நீரே கிடைக்கும். நம் நீலகிரி அவலாஞ்சியிலோ 2019 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. அந்த ஒரு நாள் மழைக்குச் சமமான நீர் அங்கே சேர முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகும்!

ஆனால் அங்கு விழுந்தது உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடுக்காகி, அழுந்தி, பனிப்பாறை ஆகிறது. பழங்காலத்துக் காற்று அதற்குள் குமிழிகளாக அடைபட்டுக் கிடக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் குழு ஒன்று அப்பாறையைத் துளையிட்டு எடுத்த பனித்தண்டில், ஏறத்தாழ ஏழு லட்சத்து நாற்பதாயிரம் ஆண்டுகளின் வானிலை வரலாறு இருப்பதை 2004இல் வெளியிட்டது. உலகம் எவ்வளவு வெப்பமாகி வருகிறது என்பதை ஒப்பிட்டு அறிய உதவும் ஏடு அதுவே. அந்த ஏட்டின் பக்கங்களை எழுதியதில் வைரத் தூளுக்கும் பெரும் பங்கு உண்டு.

குளிரை அஞ்சாத பெண்மணிகள்

இந்தியாவின் முதல் அண்டார்க்டிகா பயணக்குழு 1982 ஜனவரியில் அங்கு கால் வைத்தது. 1983இல் புறப்பட்ட மூன்றாவது குழுவில் நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தாவும் கடலியல் அறிஞர் அதிதி பந்த்தும் சென்றனர். அக்கண்டத்துக்குச் சென்ற முதல் இந்தியப் பெண் அறிவியலார் இவர்களே. இப்போது அங்கு நமக்கு மைத்ரி, பாரதி என்னும் நிலையங்கள் உள்ளன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி, 2016-17இல் பாரதி நிலையத்தில் 403 நாட்கள் தங்கிப் பணியாற்றினார். அப்போது அவருக்கு வயது 56. இருபத்து மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நான் கருதுவது அன்னா மணி அம்மையாரை. நம்மைப் போல மலையில் பிறந்தவர் அவர். 1918இல் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்த நாளுக்குக் குடும்ப வழக்கப்படி கொடுத்த வைரத் தோட்டை வேண்டாமென்று சொல்லி, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னர் பெங்களூரில் சர். சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். ஆராய்ந்த பொருள் எது தெரியுமா? வைரம்! வைரங்கள் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்று இரவு பகலாகப் பார்த்தார். 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்பமானி முதலிய கருவிகளை அயல்நாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவை இங்கேயே செய்யப்பட வழிவகுத்தார். தவறான அளவு, அளக்காமலே இருப்பதைவிடக் கேடு என்பது அவருடைய கொள்கை.

எங்கள் தோட்டத்தில் செய்தவை

அந்தக் கொள்கையை நானும் பின்பற்றிப் பார்த்தேன். இவ்வாண்டு கார்த்திகையில் பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை சிஸ்டரிடம் கேட்டு வாங்கினேன். முதலில் இரண்டையும் ஒரே கிண்ணத்து நீரில் வைத்து, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று சரிபார்த்தேன். பிறகு பள்ளத்தில் ஒன்றை நான்கு அடிக் கழியில் சிறு கூரையின் கீழ்க் கட்டினேன். மற்றதைப் புல்லின்மேல் வைத்தேன். காலை ஆறு மணிக்குத் தம்பி டார்ச் பிடிக்க, நான் குறித்துக்கொண்டேன். மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில் மேலே 9 டிகிரி, புல்லில் 8. வானம் தெளிந்திருந்த ஒரு காலையில் மேலே 4, புல்லில் சுழிக்குக் கீழே 1! படித்தது அப்படியே கண்முன் நின்றது.

குறிப்பேட்டை அப்பாவிடம் காட்டினேன். கீழ் வேலியில் வழி விட வேண்டும் என்று சொன்னேன். "வேலியைத் திறந்தா காட்டெருமை உள்ளே வந்துடுமே, அதுக்கு உன் புத்தகத்திலே என்ன எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அப்பாவே வழி கண்டார். மிலாறுக் குவியலை அகற்றினோம். ஓடை ஓரமாக மூன்று இடங்களில் உண்ணிச்செடியை வெட்டி, கட்டையான கழிகளைச் சற்று இடைவெளி விட்டு நட்டார். கழிகளுக்கு நடுவே காற்று போகும், காட்டெருமை போகாது.

சென்ற ஆண்டு கருகிய இடங்களில் நட்ட இளங்கன்றுகளை மாலை நேரத்தில் பெரணித் தழையால் மூடினோம். ஓடைக்கு அருகே உள்ள வரிசைகளுக்கு விடியுமுன் தண்ணீர் தெளித்தோம். பனிக்குத் தண்ணீரா என்று நகைக்க வேண்டாம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் இலையைக் காக்கிறது. ஆனால் வெயில் வந்து பனி உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டால் நீர் ஆவியாகும்போது இலை இன்னும் அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

தை முடிவதற்குள் மூன்று காலைகளில் பள்ளம் வெளுத்தது. ஓடையை ஒட்டிய இரண்டு வரிசைகள் கருகின. மற்றவை தப்பின. இதைக் கண்டு நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் சிஸ்டர், "இவ்வாண்டு மூடுபனி இரவுகள் எத்தனை?" என்று கேட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், குறிப்பேட்டின் பெரும்பாலான பக்கங்களில் மூடுபனி என்றே எழுதியிருந்தது. ஆகவே செடிகளைக் காத்தது வேலியில் விட்ட வழியா, தழையா, தண்ணீரா, மேகமா என்று இப்போதே அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஓர் ஆண்டுக் கணக்கு போதாது. இன்னும் சில ஆண்டுகள் எழுதி வைக்க வேண்டும். அதற்காக மீண்டும் இரண்டு வெப்பமானிகளைக் கடனாகத் தர சிஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முடிவுரை

தோழியரே, துருவத்தில் வைரத் தூளை மிதக்க வைப்பதும், எங்கள் பள்ளத்தில் கொழுந்தைக் கருக்குவதும் ஒரே விதிதான். அந்த விதிக்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. அதை அறிந்தவர் ஓரளவு தற்காத்துக்கொள்ளலாம். அறியாதவர் அழகைக் கண்டு மகிழ்ந்து, பிறகு வருந்த வேண்டியதுதான். உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் எந்த மூலை முதலில் வெளுக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். நாளும் வெப்பநிலையும் வானத்தின் நிலையும் மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

அம்மாவின் தோடு இன்னும் மீளவில்லை. சித்திரைக் கொழுந்துக்குப் பணம் வந்ததும் மீட்டுவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் மாலையில் வானம் தெளிந்திருந்தால் அவர் பாட்டியைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். "இன்னிக்கு எப்படி?" என்று கேட்கிறார். பாட்டி வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் வெப்பமானியைப் பார்த்துச் சொல்கிறேன். பெரும்பாலும் இருவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மாணவி,
கட்டபெட்டு